முதலில் வாசல்படி

கேள்வி: மாற்றுத்திறனாளிகளால் மற்றவர்கள் அளவுக்கு வேலை செய்ய முடியாது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால்தானே முதலாளிகள் அவர்களைச் சேர்ப்பார்கள்?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: இந்த யோசனை அமெரிக்காவுக்கு 1938-லேயே வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம் என்று தொழிலாளர் சட்டத்தின் 14(சி) பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். ஊனமில்லாத ஒருவர் அதே வேலையை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார் என்று ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பார்த்து, அதற்கேற்பக் கூலியை வெட்டுவார்கள். (மேனேஜர் டீ குடிக்கப் போகும்போது அந்த ஸ்டாப்வாட்சை யாரும் அழுத்துவதில்லை.) அங்கே பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், இவர்களில் சிலர் ஒரு டாலரைக்கூடப் பார்த்ததில்லை. 'இங்கே பழகிவிட்டு நல்ல வேலைக்குப் போவார்கள்' என்றார்கள். போனவர்கள் மிகக் கொஞ்சம்.

2015-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இந்த வழக்கத்துக்குத் தடை போட்டது. பிறகு அலாஸ்கா, மேரிலாந்து என்று வரிசையாக மனம் மாறினார்கள்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அரசுப் பணியில் இருப்பவருக்கு நடுவில் பார்வை போனாலும் கால் போனாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் பக்கம்தான் சட்டம் கெஞ்சுவதோடு நின்றுகொள்கிறது.

சக்கர நாற்காலியில் வருபவர் மாடிப்படி ஏறாதது அவருடைய திறமைக் குறைவு அல்ல, கட்டடம் கட்டியவருடையது. நீங்கள் முதலாளி என்றால், வாசல்படியைக் குறையுங்கள். சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.