பத்து வருஷம் கேரண்டி

வீட்டுக்காரர்: வாங்க மேஸ்திரி. ஹால் சுவரைப் பாருங்க. மூணு தடவை பெயின்ட் அடிச்சாச்சு. பத்து வருஷம் கேரண்டி!

மேஸ்திரி: கேரண்டி சுவருக்கா சார், பெயின்ட்டுக்கா?

வீட்டுக்காரர்: பெயின்ட்டுக்குத்தான்.

மேஸ்திரி: அப்ப சரி. பெயின்ட் நல்லா இருக்கு. முழுசா உரிஞ்சு தரையில கிடக்கு பாருங்க, ஒரு கீறல் இல்ல.

வீட்டுக்காரர்: வெள்ளையா பஞ்சு மாதிரி பூத்திருக்கே, அது என்ன?

மேஸ்திரி: உப்பு. திரியில எண்ணெய் ஏறுற மாதிரி மண்ணு ஈரம் செங்கல்ல ஏறும். தண்ணி காஞ்சு போயிடும், உப்பு தங்கிடும். அதுதான் பூச்சைத் தள்ளுது. மேல பெயின்ட்டைப் பூசி அடைச்சா, ஓதம் வெளிய போக வழியில்லாம இன்னும் மேல ஏறும்.

வீட்டுக்காரர்: ஆமா, முழங்கால் உசரத்துல இருந்துச்சு. இப்ப இடுப்பு வரைக்கும் வந்திருக்கு.

மேஸ்திரி: கேரண்டியோட ஏறியிருக்கு.

வீட்டுக்காரர்: ஓதம் ஏறாம இருக்க பேஸ்மட்டத்துல டிபிசி போட்டிருக்கோமே!

மேஸ்திரி: 1996ல போட்டவனே நான்தானே. ஒன்றரை அங்குலம் கான்கிரீட், மருந்து கலந்து, ரோட்டுக்கு ஒன்றரை அடி மேல. அது போட்ட இடத்துலயே இருக்கு. ரோடுதான் ஏறிடுச்சு. ஏழு தடவை, தடவைக்கு மூணு அங்குலம். அன்னைக்கு மூணு படி ஏறி வந்தேன். இன்னைக்கு ஒரு படி இறங்கி வந்தேன்.

வீட்டுக்காரர்: மழைத்தண்ணி உள்ள வருதேன்னு வீட்டைச் சுத்தி மண்ணடிச்சு டைல்ஸ் ஒட்டினேன். டைல்ஸுக்கும் கேரண்டி.

மேஸ்திரி: அந்த மண்ணு டிபிசியைத் தாண்டி சுவரோட ஒட்டி நிக்குது. வாசல்ல காவல் போட்டுட்டு, கொல்லையில திருடனுக்கு ஏணி சாத்தியிருக்கீங்க.

வீட்டுக்காரர்: மண்ணை எடுத்துட்டா?

மேஸ்திரி: ஓதம் குறையும். டிபிசிக்குக் கீழ அரை அடி வரைக்கும் மண்ணை எடுத்து, சிமென்ட் பூச்சைக் கொத்திட்டுச் சுண்ணாம்பு பூசினா ஈரம் காத்தோட போகும். ஆனா அடுத்த மழைக்குத் தெருத் தண்ணி மொத்தமும் உங்க வீட்டுக்குத்தான் விருந்தாளி.

வீட்டுக்காரர்: அப்ப ஜாக்கி வெச்சு வீட்டையே மூணடி தூக்கிடுறேன். லட்சக்கணக்குல ஆகும். ஆனா கேரண்டி...

மேஸ்திரி: நிறுத்துங்க சார்! பழைய தாரைச் சீவி எடுக்க மிஷின் இருக்கு. சீவிட்டு அதே மட்டத்துல புதுசு போடலாம். சீவாம அப்புறவனுக்குச் சீவுற கூலி மிச்சம்; அந்தக் கூலியை நீங்க பெயின்ட்டா, மண்ணா, ஜாக்கியா கட்டிக்கிட்டே இருக்கீங்க. தெருவுல ஒருத்தர் கேக்கல. அவங்கவங்க வாசப்படியை உசத்திக்கிட்டீங்க. கடன் வாங்கிக் கட்டின வீட்டைக் கண்ணு முன்னால புதைக்கிறாங்க, நீங்க அதுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு பார்க்கிறீங்க!

வீட்டுக்காரர்: (மெதுவாக) ரோட்டுக்கு எத்தனை வருஷம் கேரண்டி மேஸ்திரி?

மேஸ்திரி: 28 வருஷத்துல ஏழு தடவை போட்டாங்கன்னேனே, வகுத்துப் பாருங்க. தெருமுனையில ஜல்லி வந்து இறங்கியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டுப் போய் நில்லுங்க. ‘சீவிட்டுப் போடு’ன்னு கேளுங்க. சுவரை நான் அப்புறம் பார்த்துக்கிறேன்.