பை இருந்தால் டாக்டர்

கால்நடை மருத்துவராக ஆசைப்படும் தம்பி தங்கைகளே, நம் நாட்டில் அதற்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது, பிழைக்கத் தெரியாதவர்களின் வழி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் மார்க்கை அள்ளி, அரை மார்க்கில் கட் ஆஃப் நழுவாமல் இடம் பிடிக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீடு என்றால் நீட். அப்புறம் வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ ஒரத்தநாட்டிலோ, உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. எம்.பி.பி.எஸ். படிப்பவருக்கும் அதே ஐந்தரை ஆண்டுதான். அவருக்கு ஒரே ஜாதிப் பிராணி. அதுவும் எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும். இங்கே மாடு, ஆடு, குதிரை, பன்றி, நாய், கோழி எல்லாம் பாடம். எதுவும் வாய் திறக்காது. பாஸ் செய்து, கவுன்சிலில் பதிந்து, டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புக்குத் தவம் கிடந்து ஊர் திரும்பினால், "ஓ, மாட்டு டாக்டரா?" என்பார்கள், பெண் கொடுக்க வந்தவர்கள்.

இரண்டாவது வழிக்குப் பைக் வேண்டும், ஒரு ரெக்சின் பை வேண்டும். படிப்பு? சினை ஊசிக்காரர் பின்னால் நாலு நாள் சுற்றினால் போதும்.

1984ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவு பெற்றவர் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவம் பார்க்கக் கூடாது என்கிறது. சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள் சின்னச் சின்னச் சிகிச்சை செய்யலாம், அதுவும் டாக்டரின் மேற்பார்வையில். அந்த மேற்பார்வை எந்தத் தொழுவத்தில் நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாலை போட்டுவிட்டு வருகிறேன்.

ராத்திரி இரண்டு மணி. தலை மடங்கிய கன்று கருப்பைக்குள் சிக்கிக்கிடக்கிறது. உள்ளே தள்ளி, தலையை நேராக்கி, பசு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். பை டாக்டர் காலில் கயிறு கட்டி, நாலு பேரை வைத்து இழுக்கிறார். கருப்பை கிழிகிறது. கன்றும் போச்சு, பசுவும் போச்சு. கூட்டுறவு வங்கிக் கடன் மட்டும் உயிரோடு இருக்கிறது. பை டாக்டரோ ஃபீஸை வாங்கிக்கொண்டு, "விதி அவ்வளவுதான் அண்ணே" என்று பைக்கை உதைக்கிறார்.

மடிநோய்க்கு அவர் போடும் ஆன்டிபயாடிக், மறுநாள் காலை பால் கேனில் ஏறி நம் வீட்டு ஃபில்டர் காபிக்கு வருகிறது. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை மாட்டுக்குப் போடக் கூடாதென்று 2006இல் தடை வந்தது. ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்ற பாறு கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகும். மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால், 3 மில்லிக்கு மேல் குப்பியே கூடாதென்று 2015இல் இன்னொரு தடை போட்டார்கள். மருந்துக்கு அளவு பார்த்த அரசு, ஊசி பிடித்த கையை மட்டும் பார்க்கவில்லை.

பை டாக்டரைக் கூப்பிடும் விவசாயியைத் திட்டாதீர்கள். கால்நடை மருந்தகம் மாலையில் பூட்டிவிடும். மாடு ஆபீஸ் நேரம் பார்த்து ஈனுவதில்லை. ஐயாயிரம் மாட்டுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976இலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த அறிக்கைக்கும் யாராவது மடிநோய் ஊசி போட்டுப் படுக்கவைத்திருக்க வேண்டும்.

அமைச்சர் பெருமக்களே, புதுக் கல்லூரிக்கு ரிப்பன் வெட்டியது போதும். காலி இடங்களை நிரப்புங்கள். ராத்திரியிலும் ஒரு டாக்டரை உட்கார வையுங்கள். அதுவரை, மாடு வைத்திருப்பவர்களே, பையோடு வருகிறவர் ஊசியை எடுக்கும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்.