ஐ.பி. 65-ம் ஒரு டிரில்லிங் மெஷினும்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டி-90 பீஷ்மா டாங்கி, மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டால் 5 மீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறிவிடும். அதே ஆவடியில், எங்கள் தெருவின் கேட் லைட்டுகள் ஐப்பசியின் ஒரு தூறலுக்கே உயிரை விடுகின்றன. செத்ததைக் கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி ஈசல், காய்ந்த பல்லி ஒன்று, கொசுப்புழு வளர்க்கும் அளவுக்குத் தண்ணீர். டெங்கு ஒழிப்புக்கு வரும் மாநகராட்சி ஆட்கள் பூந்தொட்டியையும் பழைய டயரையும் குனிந்து பார்க்கிறார்களே தவிர, லைட்டை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

புதிதாக வாங்கலாம் என்று பெரியப்பாவோடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "வெளியில மாட்ட ஐ.பி. 65 போட்டது காட்டுங்க" என்றேன். பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு காலத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அங்கே ஐ.பி. என்றால் திவாலானவர் கொடுக்கும் மஞ்சள் நோட்டீஸ்தான். "யாருடா குடுத்தது? நமக்கு எவ்வளவு வரணும்?" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

கடைக்காரர் பதறவில்லை. "ஃபுல் வாட்டர் ப்ரூஃப் சார். தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும்" என்று ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டியைத் திருப்பினால் ஐ.பி. 20. தண்ணீர்ப் பாடத்தில் முட்டை.

தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் விளக்கு எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் இந்த ஐ.பி. எண்ணை அறுபத்தைந்து, இருபது என்று சேர்த்துப் படிக்கக் கூடாது. இரண்டும் தனித்தனி மார்க். முதலாவது விரல், கம்பி, தூசி வகையறாவுக்கு; 6 வரை. அடுத்தது தண்ணீருக்கு; 9 வரை. ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள கணக்கு; இந்தியத் தரமும் அதுவேதான்.

இந்தச் சோதனைகளைக் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்களாகத்தான் இருக்க வேண்டும். முதல் மார்க் 2 வாங்க, 12 மில்லிமீட்டர் தடிமனில் மூட்டுகளோடு செய்த ஒரு போலி விரலை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார்கள். 4 என்றால் 1 மில்லிமீட்டர் கம்பியும் நுழையக் கூடாது. ஈசலுக்கும் பல்லிக்கும் அங்கேயே கதவடைப்பு. 5, 6 மார்க்குக்கு விளக்கைப் பெட்டியில் அடைத்து டால்கம் பவுடரைப் பறக்கவிடுவார்கள், 8 மணி நேரம் வரைகூட. முகூர்த்தத்துக்குக் கிளம்பும் எங்கள் குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய சோதனையாகத் தோன்றாது. திருவள்ளூர் ஹைரோட்டை ஒட்டி வீடு உள்ளவர்கள் 6 கேட்டே வாங்குங்கள். லாரி கிளப்பும் புழுதி 8 மணி நேரத்தோடு ஓய்வதில்லை.

தண்ணீர்ப் பாடத்தில் 5 வாங்க, நிமிஷத்துக்கு 12.5 லிட்டர் வீதம் குழாயால் பீய்ச்சுவார்கள்; 6-க்கு 100 லிட்டர். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு கிடந்தபோது, குடமும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த பூந்தமல்லிக்காரர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் ஆய்வுக்கூடத்தை முற்றுகையிட்டிருப்பார்கள்.

7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் முக்கி வைப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர், கொரட்டூர் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. வெள்ளம் வாட்ச் கட்டிக்கொண்டு வருவதில்லை. தவிர, ஆய்வுக்கூடத்தில் முக்குவது நல்ல தண்ணீரில். நம் வாசலுக்கு வந்தது கூவத்தின் நெருங்கிய சொந்தம். இன்னொரு வேடிக்கை, 7 வாங்கிய விளக்கு 5-ஐயும் பாஸ் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுகினால் பிழைக்கும், ஓஸ் பைப்பால் அடித்தால் போய்விடலாம். இரண்டையும் தாங்க வேண்டுமென்றால் 65, 67 இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் படித்துத் தேறி, 65 ஒன்றை வாங்கி வந்தாயிற்று. எலக்ட்ரீஷியன் வந்தார். வொயர் நுழைய விளக்கின் அடியில் ரப்பர் வளையத்தோடு ஒரு துளை கொடுத்திருந்தார்கள். அதை ஒரு பார்வை பார்த்தார். "இவ்ளோ டைட்டா இருந்தா வொயர் எப்டி சார் போவும்?" என்றார். நான் காபி கொண்டுவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் டிரில்லிங் மெஷினால் விளக்கின் தலையில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். மழை வந்தால்? "ஒண்ணும் ஆவாது சார், எம்-சீல் வெச்சிடலாம்."

ஆய்வுக்கூடத்தில் தூசியும் தண்ணீரும் கொடுத்துப் பெற்ற பட்டம் ஒரு டம்ளர் காபி நேரத்தில் பறிபோனது. பெட்டியில் உள்ள எண், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள விளக்குக்கு மட்டும்தான் செல்லும். எங்கள் தெருவில் செத்த விளக்குகளில் பாதிக்கு மேல் தலையில் துளையோடுதான் செத்திருக்கின்றன. கடைக்காரரிடம் எண்ணைக் கேட்பதில் காட்டும் அக்கறையை எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறும்போது பக்கத்தில் நிற்பதில் காட்டினால் இன்னும் பலன் உண்டு என்பது என் கட்சி.

மற்றபடி வாங்குவது சுலபம். ஹாலுக்கு 20 போதும். அதற்கும் 65 கேட்பவர் வீட்டுக்குள் ரெயின்கோட் போட்டுக்கொண்டு உட்கார்பவர். பாத்ரூமுக்கும், கூரை உள்ள போர்டிகோவுக்கும் 44. மழை முகத்தில் அடிக்கும் சுவருக்கும் கேட்டுத் தூணுக்கும் 65. தரையில் பதிப்பதற்கு 67. விளக்குக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் டிரைவர் தனியாக இருந்தால் அதன் எண்ணையும் பாருங்கள். 65 விளக்கை 20 டிரைவரோடு கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வொயர் கீழே தொங்கி வளைந்து, அடியிலிருந்து விளக்குக்குள் ஏறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் முதலில் அதைப் போடுங்கள். மழைத் தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வரும் போலிருந்தால், எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். கால் நனைவதற்கு முன்பே மெயினை அணைத்துவிடுங்கள்.