எர்த் சரியில்லை

சென்ற வியாழக்கிழமை காலை 9.30 மணிக்கு, சைதாப்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், 32 வருஷமாக என்னைச் சுமந்து திரியும் மோட்டார் சைக்கிள் ஒரு தடவை விக்கி, ஒரு தடவை இருமி, பிறகு சகல காரியங்களையும் நிறுத்திக்கொண்டு மௌன விரதம் பூண்டபோது, நான் அதை ஓரங்கட்டி ஸ்டாண்டு போடுவதற்குள்ளாகவே, டீக்கடை வாசலில் கண்ணாடித் தம்ளரும் கையுமாக நின்றிருந்த ஒருவர், வண்டியைத் தொட்டுப் பார்க்காமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தம்ளரைக் கீழே வைக்கிற சிரமத்தைக்கூட மேற்கொள்ளாமல், "எர்த்தா இருக்கும் சார்" என்று தீர்ப்பளித்துவிட்டார். அவரைத் தொடர்ந்து பிளக்கைக் கழற்றச் சொன்னவர் ஒருவர். பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கியைக் குலுக்கிப் பார்த்தவர் ஒருவர். "வித்துடுங்க சார்" என்று மிகுந்த அனுதாபத்தோடு சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவர் ஒருவர். இவர்களையெல்லாம் நான் அன்று மாலையே மன்னித்துவிட்டேன். தம்ளர்காரரை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

பழைய வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லையென்றால், யாருடைய அபிப்பிராயத்தையும் கேளாமல், மூன்றே மூன்று அளவைகளில் வியாதி இன்னதென்று கண்டுபிடித்துவிடலாம் என்பது என் சித்தாந்தம். அதை விஸ்தாரமாக எடுத்துரைக்கவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். முதல் அளவை சுலபமானது. எஞ்சின் ஓடாமல் இளைப்பாறியிருக்கும் வேளையில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால், தேகசௌக்கியமுள்ள 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 காட்டவேண்டும், 12-க்குக் கீழே காட்டினால் அது அநேகமாக வெறும் வயிற்றோடு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது அளவைக்குப் போகுமுன் இந்த எர்த் என்னும் சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட அனுமதிக்கவேண்டும். வியாழக்கிழமை முதல் அது என் தொண்டையில் நிற்கிறது.

எந்த எர்த் என்று கேட்கிறேன். எர்த் என்றால் பூமி. என் வண்டி பூமியை எங்கே தொடுகிறது? முன்னால் ஒரு ரப்பர், பின்னால் ஒரு ரப்பர்; ரப்பரில் மின்சாரம் பாயாது என்று பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்டாண்டு போட்டால் ஓர் இரும்புக் கால் தரையில் படுவது வாஸ்தவம். ஆகவே தம்ளர்காரரின் சாஸ்திரப்படி என் வண்டிக்கு நிற்கும்போது எர்த் உண்டு, ஓடும்போது எர்த் இல்லை. அப்படியிருக்க, எர்த்தே இல்லாத நிலையில் சைதாப்பேட்டை வரையில் ஒழுங்காக ஓடிவந்த வண்டி, எர்த் கிடைத்த பிறகு ஏன் கிளம்ப மறுத்தது என்பதை அவர் விளக்கவேண்டும்.

வீட்டில் எர்த் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கொல்லைப்புறத்தில் ஆள் உயரக் குழி வெட்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் பரப்பி, நடுவே குழாய் இறக்கி, கோடையில் அதன் தலையில் ஒரு வாளித் தண்ணீர் வார்த்து, ஏறக்குறையத் துளசி மாடத்துக்குச் செய்கிற உபசாரத்தோடு அதை வைத்திருக்கிறோம். தந்தி அனுப்பவும் ஒரு காலத்தில் மெய்யாகவே பூமி பயன்பட்டது; போவதற்கு ஒரு கம்பி போதும், திரும்பி வருவதற்குப் பூமியே போதும் என்று 1838-இல் ஸ்டைன்ஹைல் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் நடப்பதோ வேறு. பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் விளக்குக்கும் ஹாரனுக்கும் கம்பி வழியே கௌரவமாகப் போய்ச் சேருகிறது. திரும்பி வர இன்னொரு கம்பி வாங்கிக் கொடுக்க மனமில்லாத காரணத்தால், வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஏறிக் கால்நடையாக வந்துவிடும்படி அதை விட்டுவிட்டார்கள். இந்தச் சிக்கனத்துக்குத்தான் பூமி என்று பெயர். பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பேட்டரியின் பாஸிட்டிவ் முனையைச் சட்டத்தோடு பிணைத்திருந்தார்கள்; பின்னால் மனம் மாறி நெகட்டிவ் முனையைப் பிணைத்தார்கள்; பூமி இரண்டுக்கும் சம்மதித்தது.

சம்மதிக்காமல் என்ன செய்யும்? பொறுமைக்கு உவமை சொல்லவேண்டுமென்றால் நம்மவர்களுக்கு வேறு யாரும் அகப்படுவதில்லை, பூமாதேவிதான். இரணியாட்சன் அவளைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு போனபோது அவள் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை. அத்தகைய பரம சாதுவின் தலையில்தான் சகல பழியையும் போடுகிறோம். ஹாரன் அடிக்கவில்லையா, எர்த். விடாமல் அடிக்கிறதா, எர்த். இண்டிகேட்டர் துரிதமாகக் கண் சிமிட்டுகிறதா, எர்த். சிமிட்டவே இல்லையா, அதுவும் எர்த். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு முன்பாக மைக் ஊளையிட்டால் எர்த். மிக்ஸி சுரீரென்றால் எர்த். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே திரிசங்கு சொர்க்கமாக நின்றபோது, உள்ளே வியர்த்துக்கொண்டிருந்த எங்கள் ஐவருக்கும் வெளியிலிருந்து கிடைத்த ஒரே ஆறுதல், "எர்த் ஃபால்ட் சார், பயப்படாதீங்க" என்பதுதான். பூமியிலிருந்து நாற்பது அடி உயரத்தில் தொங்குகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத சமாதானத்தை யோசித்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். மனிதன் பூமியை விட்டு விலகும் இடங்களில் எல்லாம் எர்த்தின் மேல் குற்றம் சாட்டுவது ஏன் என்பதை யாராவது ஆராயலாம். எனக்கு அவகாசம் இல்லை.

இரண்டாவது அளவைக்கு வருவோம். எஞ்சினுக்குள் காந்தம் சுழல்கிறது; பக்கத்தில் காயில் இருக்கிறது; ஆகவே மின்சாரம் பிறக்கிறது. இது 1831-இல் ஃபாரடே கண்ட விஷயம், இன்னும் மாறவில்லை. இப்படிப் பிறந்த மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடும் சஞ்சல சுபாவமுள்ளது. அதை ஒரே திசையில் திருப்பி, அளவுக்கு மிஞ்சாமல் அடக்கி அனுப்புகிற வேலை ரெக்டிஃபயருடையது. ஆக, எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து மறுபடி பேட்டரியை அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டவேண்டும். பேட்டரிக் கம்பியை ஓடும் வண்டியில் பிடுங்கிப் பார்க்கிற மெக்கானிக்குகள் உண்டு. வண்டி அணையாவிட்டால் சார்ஜ் வருகிறதாம். ரெக்டிஃபயர் அந்தப் பரீட்சையிலேயே பிராணனை விடக்கூடும். நான் அந்த ஜாதி அல்ல. ஆகமப் பிரமாணத்தை நம்பாமல் பிரத்தியட்சத்தையே நம்புகிறவன். அதற்கென்று ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் முதல் தடவை வண்டி நின்றபோது அந்த மீட்டரைத்தான் எடுத்தேன். எஞ்சினை ஓடவிட்டு அளந்ததில் 14.1 காட்டிற்று. சார்ஜ் பூரணமாக வருகிறது, குற்றம் பேட்டரியுடையது என்று நிச்சயித்துப் புதுப் பேட்டரி வாங்கினேன். அது ஆறு நாளில் இறங்கியது. மீட்டர் அப்போதும் 14-தான் காட்டிற்று. மீட்டரின் வாக்கைச் சந்தேகிக்க மனம் வராமல், புதுப்பேட்டைக்குப் போய், தலை போன வண்டிகளுக்கும் வால் போன வண்டிகளுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் அலைந்து, ஒரு ரெக்டிஃபயரையும் வாங்கி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று நானே மாட்டினேன். சென்ற ஆடியில் வண்டிச் சட்டத்துக்குப் புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்தவனும் நானேதான்; அந்தப் பளபளப்பின் மேல் போல்ட்டை முறுக்கும்போது உள்ளத்தில் ஒரு நிறைவு ஏற்பட்டது. அதற்குப் பின்பு வந்ததுதான் மேற்படி வியாழக்கிழமை.

சனிக்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒர்க் ஷாப்பில் முதலாளி இல்லை. பதினெட்டு வயதுக்கு மேல் சொல்லமுடியாத ஒரு பையன் இருந்தான். அவனிடம் என் மூன்று அளவைகளையும் விளக்கி, இரண்டு முடிந்துவிட்டதென்றும், காயிலிலிருந்து வரும் கம்பிகளைக் கழற்றி அளக்கிற மூன்றாவது மட்டுமே பாக்கி என்றும் சொல்லி, மீட்டரை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான்.

"மூலையில சின்னதா பேட்டரி படம் மின்னுதே, என்னன்னு பார்த்தீங்களா?"

பேட்டரியை அளக்கும்போது பேட்டரியை அளக்கிறேன் என்று மீட்டர் எனக்குத் தெரிவிக்கும் மரியாதை அது என்று இத்தனை நாளும் நான் எண்ணியிருந்ததை அவனிடம் சொல்லவில்லை. மீட்டரின் வயிற்றில் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இளைத்துவிட்டால், அது காட்டுகிற எண் உண்மைக்கு மேலே ஏறிக்கொள்ளுமாம். அவன் தன்னுடைய மீட்டரை வைத்தான்: எஞ்சின் ஓடும்போது 11.9.

பிறகு ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை என் புது ரெக்டிஃபயரின் அலுமினிய உடம்பிலும் வைத்தான். மங்கிக் கிடந்த ஹெட்லைட் குபீரென்று வெளுத்தது. எடுத்தான், மஞ்சளாயிற்று. வைத்தான், வெளுத்தது. எனக்குப் புரியவேண்டும் என்பதற்காக இதை நாலு தடவை செய்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் ரெக்டிஃபயரைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தில் என் ஆடி மாதத்துக் கறுப்புப் பெயிண்டை ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் மறுபடி மாட்டி முறுக்கினான். மீட்டர் 14.2 காட்டிற்று. மூன்றாவது அளவைக்கு அவசியமே ஏற்படவில்லை.

"எர்த்துதான் தாத்தா" என்றான். கடைக்குள் நுழையும்போது நான் சார்.

"அது எர்த் இல்லை தம்பி. மின்சாரம் சட்டத்தின் வழியே பேட்டரிக்குத் திரும்பிப் போகிற மார்க்கம். அதில் பெயிண்ட் குறுக்கே நின்றிருக்கிறது. பூமிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது" என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

"சரி தாத்தா. எம்பது ரூபா."

திங்கட்கிழமை காலை அதே நேரத்துக்குச் சைதாப்பேட்டை பஸ் நிறுத்தத்தைக் கடந்தேன். சிக்னல் விழுந்து வண்டி சரியாக டீக்கடைக்கு நேரே நின்றது. அதே மனிதர், அதே தம்ளர். வண்டியின் சத்தத்தை ஒரு கணம் தலை சாய்த்துக் கேட்டவர், என்னை அடையாளம் கண்டுகொண்டு, தம்ளரைச் சற்று உயர்த்தினார்.

"என்ன சார், எர்த்தா?"

"இல்லை, பேட்டரி" என்றேன்.