பால் கான் ஆஃப், சித்தப்பா!

மோர்வெல், விக்டோரியா,
ஆஸ்திரேலியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி, "ஒண்ணு இன்னொண்ணா மாறுறதுக்கு 'பிகம்' பத்தாதா? கெட், கோ, டர்ன், குரோ, ஃபால்னு எதுக்கு இத்தனை?" என்று புலம்புவதாக எழுதியிருந்தீர்கள். புலம்பலில் நியாயம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் வாயில் நான் 'பிகம்' கேட்டதே அபூர்வம்.

பால் திரிந்தால் 'கான் ஆஃப்' என்பார்கள். விளக்கு கான் ஆஃப் என்றால் அணைந்துவிட்டது. அலாரம் கான் ஆஃப் என்றால் அடித்துவிட்டது! பொதுவாக, கெடுவதற்கெல்லாம் 'கோ'. ரொட்டி கோஸ் ஸ்டேல், தலை கோஸ் பால்ட், கம்பெனி கோஸ் பேங்க்ரப்ட். தேறுவதற்கு 'கம்'. கனவு பலித்தால் கம்ஸ் ட்ரூ. ஃபார்ம் இல்லாமல் தடவும் பேட்ஸ்மேனைப் பற்றிக்கூட "ஹீ வில் கம் குட்" என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். தம்பியைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நாமும் கெட்டுப்போச்சு, வீணாப்போச்சு, நாசமாப்போச்சு என்றுதானே சொல்கிறோம். 'சரியாப்போச்சு' என்று விதிவிலக்கும் உண்டு. அதைச் சித்தி எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

நிறமும் வயசும் 'டர்ன்' கணக்கு: இலை டர்ன்ஸ் ரெட், ஆள் டர்ன்ஸ் ஃபார்ட்டி. மெதுவாக நடப்பது குரோ. மிச்சமெல்லாம் கெட். கெட் மேரிட், கெட் டைவர்ஸ்ட். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே படிக்கட்டு.

'ஃபால்'தான் ஆபத்து. நமக்கு நோய் வரும். இவர்கள் நோயில் போய் விழுவார்கள். தூக்கத்தில் விழுவார்கள், காதலில் விழுவார்கள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் நின்று, மகள் 'ஃபாலன் பிரெக்னென்ட்' என்று சொன்னார். உங்கள் மருமகள் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது. "அய்யய்யோ, படியிலயா?" என்று பதறி, பத்து நிமிஷத்தில் மிளகு ரசமும் மூட்டுவலித் தைலமுமாகப் போய் நின்றாள். பாட்டி ரசத்தை வாங்கிக்கொண்டார். தைலத்தை மோந்துபார்த்துவிட்டு, மகளுக்கு இது எத்தனையாவது மாதத்தில் தேய்க்க வேண்டும் என்று கேட்டாராம்.

இந்தப் பாட்டியின் வீட்டுக்காரர் உங்களைப் போலவே தெர்மல் ஆள், ஹேஸல்வுட் அனல்மின் நிலையத்தில். 2017இல் அதை மூடினார்கள். 2020இல் எட்டுப் புகைபோக்கிகளையும் வெடி வைத்துச் சாய்த்தார்கள். நம்ம நெய்வேலி முதல் தெர்மல் நின்றதும் அதே 2020தானே! கரியும் நம்ம பழுப்பு நிலக்கரிக்கு ஒன்றுவிட்ட தம்பிதான், ஈரம் மட்டும் கூடுதல். நம்ம கரியில் பாதி தண்ணீர் என்றால் இங்கே அறுபது சதவீதத்துக்கும் மேல். ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டப்போய்க் கரி வந்த கதையைச் சொன்னேன். மனிதர் ரசித்துக் கேட்டார்.

பதிலுக்கு அவர் சொன்னது யலூர்ன் கதை. 1920களில் மின்சார வாரியம் தன் ஆட்களுக்காகக் கட்டிய டவுன்ஷிப். நம்ம நெய்வேலி பிளாக்குகள் மாதிரி மரமும் பூங்காவும் தியேட்டருமாக இருந்ததாம். அடியில் கரி இருந்தது. 1980களின் தொடக்கத்துக்குள் வீடுகளையெல்லாம் அப்புறப்படுத்தி அங்கேயே தோண்டிவிட்டார்கள். நெய்வேலியில் கிராமங்களைக் காலி பண்ணி டவுன்ஷிப் கட்டினோம். இவர்கள் கட்டின டவுன்ஷிப்பையே காலி பண்ணியிருக்கிறார்கள். இந்த மாற்றத்துக்கு எந்த வினைச்சொல் போடுவார் என்று காத்திருந்தேன். "இட்ஸ் கான்" என்றார். பாலுக்குக் கிடைத்த 'ஆஃப்'கூட அந்த ஊருக்குக் கிடைக்கவில்லை.

தம்பிக்கு ஒரு வழி: பேச்சுத் தேர்வில் சந்தேகம் வந்தால் கெட், எழுத்தில் பிகம். முக்கால்வாசி தப்பிக்கலாம். 'ஃபால்' பக்கம் போகவே வேண்டாம். சித்தியிடம் மோர்மிளகாய் கேட்டதாகச் சொல்லுங்கள். தைலம் இன்னும் இரண்டு பாட்டில் வேண்டும், தெர்மல் தாத்தா முட்டிக்குத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்