கிடைக்காத பைண்டின் அன்பர்

இங்கிலாந்தின் மது அருந்துவோரை வகைபிரிக்கப் புகும் எவரும், தாகத்துக்குக் குடிப்பவர், துணைக்குக் குடிப்பவர், துயருக்குக் குடிப்பவர் ஆகிய மூவரையும் விரைவில் கடந்துவிடலாம். ஏனெனில் இம்மூவரும் எல்லா நாட்டிலும் உள்ளவர்கள், கோப்பைக்கு வெளியிலும் அவர்களுக்கு ஒரு வாழ்க்கை உண்டு. நான்காமவரே அந்நாட்டுக்குச் சிறப்பாக உரியவர். அவர் நினைவுக்காகக் குடிப்பவர். ரியல் ஏல், அதாவது மெய்யான ஏல், என்று அங்கு வழங்கும் பீரின் மீது தீராப் பற்றுக்கொண்ட அவரை வசதி கருதி ஏலன்பர் என்று குறிக்கலாம். ஏலம் விடுவோருக்கும் ஏலக்காய்க்கும் இப்பெயரோடு உறவு எதுவும் இல்லை.

ஏலன்பரை அறிய ஏலை அறிந்தாக வேண்டும், அவரும் அதை விளக்காமல் எவரையும் விடுவதில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப் பூக்களோடு கொதிக்கவிட்டு, ஆறிய பின் ஈஸ்ட் சேர்த்து, லாகர் எனும் பீரைவிடச் சற்று மிகுந்த வெப்பத்தில் புளிக்கவைப்பது ஏல். அது ஆலையிலேயே உயிர் அடங்கிவிடாமல், பீப்பாய்க்குள் உயிருள்ள ஈஸ்ட்டோடு பப் எனும் மதுக்கூடத்தின் நிலவறைக்கு வந்து, அங்கே இரண்டாம் முறை மெல்லப் புளித்து, வெளியிலிருந்து வாயு எதுவும் ஏற்றப்படாமல், கையால் இழுக்கும் பம்பு வழியே கோப்பைக்கு ஏறினால் மட்டுமே அது மெய்யானது. வழக்கமான பீப்பாய் 9 காலன் கொள்ளும். அதிலிருந்து கணக்குப்படி 72 பைண்ட் கிடைக்கும், ஒரு பைண்ட் 568 மில்லிலிட்டர். திறந்த பீப்பாய் மூன்று நாளைக்கு மேல் நலமாக இருப்பதில்லை. கலங்கலைப் படியவைப்பதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசையைச் சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். இராமநாதபுரக் கடலோரத்தார் நெட்டி என்று சொல்லும் உறுப்புத்தான் அது. தான் அருந்துவது மீன் தெளிவித்த பானம் என்பதை ஏலன்பர் பெருமையாகவே சொல்வார், அருகில் மரக்கறி உண்பவர் யாரேனும் இருந்தால் சற்று உரக்கவும் சொல்வார்.

இவ்வகையினர் வெறும் குடிகாரராக இராமல் ஓர் இயக்கத்தாராக ஆனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1960களில் பெரிய ஆலைகள் சிறியவற்றை விழுங்கி, வடிகட்டிச் சூடாக்கி உயிர்நீக்கிய பீரைக் கரியமில வாயு ஏற்றி உலோகக் கலங்களில் பெருமளவில் அனுப்பத் தொடங்கின. கெக் எனப்படும் அந்தப் பீர் எந்த ஊரிலும் எந்த நாளிலும் ஒரே சுவையாக இருந்தது, அதுவே அதன் தகுதி, ஏலன்பர் கண்ணில் அதுவே அதன் குற்றம். 1971ஆம் ஆண்டு அயர்லாந்தின் மேற்குக் கோடியிலுள்ள டன்குவின் என்னும் ஊரில், க்ரூகர்ஸ் என்ற மதுக்கூடத்தில் விடுமுறைக்குச் சென்றிருந்த இங்கிலாந்து இளைஞர் நால்வர், தாய்நாட்டு ஏலைக் காப்பதற்கு ஒரு சங்கம் காண்பதென முடிவு செய்தனர். அது கேம்ரா என்ற சுருக்கப்பெயரோடு வளர்ந்து, ஐரோப்பாவின் செல்வாக்குள்ள நுகர்வோர் அமைப்புகளில் ஒன்றாயிற்று. இங்கிலாந்து ஏலைக் காக்கும் உறுதிமொழி அந்த ஏல் ஏறக்குறையக் கிடைக்கவே கிடைக்காத ஒரு நாட்டில் எடுக்கப்பட்டது என்பதை ஏலன்பர் ஒரு புதிராகவே கருதுவதில்லை. இல்லாத இடத்தில்தான் அருமை தெரியும் என்பது அவர் வாழ்க்கை முழுவதும் பின்பற்றிவரும் நெறி. சங்கத்தின் நல்ல பீர் வழிகாட்டி 1974இல் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது, அக்காலத்தில் கெக்குக்குப் பேர்போன ஓர் ஆலையின் பீரைக் கொள்ளைநோயைக் கண்டாற்போல் விலகுக என்று அதில் அச்சாகியிருந்தது. வழக்குக்கு அஞ்சி அந்த வரியைச் சற்றுத் தணித்து மீண்டும் அச்சிட வேண்டியதாயிற்று. தணியாத வரி கொண்ட படி ஒன்றைத் தம் நண்பரின் நண்பர் வைத்திருப்பதாக ஏலன்பர் ஒவ்வொருவரும் சொல்வர்.

பப்புக்குள் அவர் நுழையும் முறையே தனி. தாடியும், கால்களில் செருப்பும், பீர்த்திருவிழாக்களின் பெயர் பொறித்த சட்டையும் இவ்வகையினரின் அடையாளம் என்று பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்கள் நெடுங்காலமாக வரைந்துவருகின்றனர். அது மிகையான சித்திரம் என்று மறுத்துக் கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் தாடி வைத்தவர்களே. வந்தவர் முதலில் மனிதரைப் பார்ப்பதில்லை, பம்புகளின் கைப்பிடிகளைப் பார்க்கிறார். பின்னர்ப் பணியாளரிடம் மெல்லிய குரலில், இது எப்போது திறந்த பீப்பாய் என்று, மருத்துவமனையில் நோயாளியின் நிலையைக் கேட்கும் தோரணையில் விசாரிக்கிறார். அரைப் பைண்ட் வாங்கி, விளக்கின் எதிரே உயர்த்தி, தெளிவு பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் அருந்தி, கண்ணை மூடி, குறிப்பேட்டை எடுக்கிறார். அருந்திய பீரை ஒவ்வொன்றாக எழுதி எதிரே ஒரு குறியிடுவோருக்கு டிக்கர் என்று பெயர். ஏலன்பர் குலத்தின் தீவிரக் கிளையினர் அவர்கள். ரயில் எஞ்சின்களின் எண்களைக் குறிப்பவரைப் போல, ஒரே பீரை இரண்டாம் முறை அருந்துவதை அவர்கள் வீண்செலவாகக் கருதுகின்றனர், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

பீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்பாரோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதே முறை என்றும், அதற்குக் கீழே குளிர்ந்தால் நாக்கு மரத்துச் சுவை ஒளிந்துகொள்ளும் என்றும் அவர் சொல்வது உண்மையே. ஏலன்பர்களுக்குள்ளேயே தீராத வழக்கு நுரையைப் பற்றியது. வட இங்கிலாந்தில் பம்பின் மூக்கில் துளையிட்ட ஒரு சிறு முனையைப் பொருத்திப் பாலேடு போன்ற நுரையை எழுப்புவர்; அதற்கு ஸ்பார்க்லர் என்று பெயர். தென்பகுதியாரோ அம்முனை ஹாப்பின் மணத்தை அடித்துக் கொன்றுவிடுகிறது என்பர். யார்க்‌ஷயர்க்காரர் ஒருவரும் சசெக்ஸ்காரர் ஒருவரும் மதம், அரசியல், கிரிக்கெட் ஆகிய மூன்றையும் சண்டையின்றிப் பேசி முடித்து, இந்தக் கட்டைவிரல் அளவுள்ள பொருளில் வந்து பிரிவது இயல்பாக நிகழ்வதே. பைண்ட் என்ற அளவில் நுரையும் சேருமா என்பது இதன் கிளை வழக்கு; குறைந்தது 95 விழுக்காடு திரவம் இருந்தால் போதும் என்பது தொழில்துறையின் வழிகாட்டுதல். எஞ்சிய 5 விழுக்காட்டை வாழ்நாள் முழுவதும் கூட்டினால் எத்தனை பைண்ட் ஆகும் என்பதை ஏலன்பர் தம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கிட்டு வைத்திருக்கிறார்.

இவையெல்லாம் புறத்தோற்றம். இவ்வகையினரின் உள்ளியல்பு, தங்களுக்கு மிகப் பிடித்த பீர் எது என்ற கேள்விக்கு அவர்கள் தரும் விடையில்தான் வெளிப்படுகிறது. கீத்லி நகரின் டிமதி டெய்லர் ஆலையின் லேண்ட்லார்ட், நாட்டின் தலைசிறந்த பீர் என்ற கேம்ராவின் பரிசை நான்கு முறை வென்றது. லூயிஸ் நகரின் ஹார்விஸ் ஆலைக்கும் அடியார் கூட்டம் உண்டு. ஏலன்பர் இவற்றை மதிப்பார், நாள்தோறும் அருந்துவார், ஆனால் முதலிடம் தரமாட்டார், ஏனெனில் இவை கிடைக்கின்றன. முதலிடம் மான்செஸ்டரின் பாடிங்டன்ஸ் போன்றதற்கே உரியது. 1778இல் தோன்றிய அதன் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆலை 2005இல் மூடப்பட்டது; அதன் பழைய வைக்கோல் நிறக் கசப்பை நினைக்கும்போது முதிய ஏலன்பரின் குரல் தழுதழுக்கிறது. அந்தக் கசப்பு எந்த ஆண்டில் குறையத் தொடங்கியது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஓர் ஆண்டைச் சொல்வர்; கூர்ந்து கவனித்தால், அது அவரவர் திருமணம் முடிந்த அடுத்த ஆண்டாக இருக்கும்.

மறக்க முடியாத அந்தப் பைண்டை எங்கே, எப்போது அருந்தினார் என்று மேலும் கேட்டால் விடை பெருகி வருகிறது. பீரைத் தவிர எல்லாம் அதில் இருக்கிறது. பீக் மாவட்டக் குன்றுகளில் எட்டு மணி நேரம் நடந்தது, பாதை தவறியது, மழை பிடித்தது, காலணிக்குள் நீர் புகுந்தது, பப் மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கதவைத் தள்ளியது, உள்ளே நிலக்கரி நெருப்பு எரிந்தது, நாய் ஒன்று இடம் விட்டு நகர்ந்து கொடுத்தது. மூடும் நேரம் இக்கதைகளில் தவறாமல் வருவதற்குக் காரணம் உண்டு: முதல் உலகப் போர்க் காலத்தில் விதித்த கட்டுப்பாட்டின் எச்சமாக, 1988 வரை இங்கிலாந்தின் பப்கள் பிற்பகலில் சில மணி நேரம் கதவடைத்தே ஆக வேண்டியிருந்தது. அடைபடும் கதவு, ஈரக் காலுறை, தவறிய பேருந்து ஆகியவை மால்ட்டும் ஹாப்பும் செய்யாத வேலையைச் செய்தன என்பதை ஏலன்பர் ஒப்புக்கொள்ளார். அந்த நாளின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், பீரின் பெயருக்கு எதிரே பரவாயில்லை என்ற ஒரு சொல்லே எழுதியிருக்கும். அன்றைக்கு அவ்வளவுதான் அதன் சுவை. மீதிச் சுவை முப்பது ஆண்டுகள் நினைவின் நிலவறையில் இரண்டாம் முறை புளித்ததால் வந்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் குறைவற்ற பப் ஒன்றை நுணுக்கமாக வருணித்துவிட்டு, இறுதியில் அப்படி ஓர் இடமே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பின்னாளில் அதன் பெயர் பல பப்களின் பலகையில் ஏறியது. ஆர்வெலுக்கு இருந்த நேர்மை ஏலன்பருக்கு இல்லை என்பதைவிட, அவருக்கு அது தேவைப்படவில்லை என்பதே பொருந்தும்.

இந்தப் பற்று வெறும் பேச்சு என்று எண்ணிவிடலாகாது. லூயிஸ் நகரின் லூயிஸ் ஆர்ம்ஸ் என்ற பப்பில், அதன் உரிமை நிறுவனம் 2006ஆம் ஆண்டின் இறுதியில் உள்ளூர் ஹார்விஸ் பீரை நீக்கியபோது, வாடிக்கையாளர்கள் உள்ளே செல்லாமல் வாசலில் நின்றனர். குளிரிலும் மழையிலும் 133 நாட்கள் நீடித்த அந்தப் புறக்கணிப்புக்குப் பின், 2007 ஏப்ரலில் ஹார்விஸ் திரும்பி வந்தது. நாற்காலியை விட்டு எழ மறுப்பவர் என்று பெயரெடுத்த ஒரு கூட்டம், உட்காராமல் இருந்தே ஒரு பெருநிறுவனத்தைப் பணியவைத்தது வேறெங்கும் எளிதில் காணக்கூடியதன்று.

இந்தியர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால் ஏலன்பருக்கு இரட்டை மகிழ்ச்சி. இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐ.பி.ஏ., என்ற வெளிர்நிற ஏலின் கதையைச் சொல்ல அவருக்கு உரிமை கிடைத்துவிடுகிறது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்து கல்கத்தாவிலும் மதராஸிலும் பம்பாயிலும் இறங்கிய பீர் கெட்டுவிடாதிருக்க, கிழக்கு லண்டனின் போ ஆலையைச் சேர்ந்த ஹாட்ஜ்சன் என்பவர் ஹாப்பும் வலிமையும் கூட்டி அதைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பது வழக்கமான கதை. ஹாட்ஜ்சன் பீர் ஏற்றுமதி செய்ததும், 1820களில் பர்ட்டன் நகர ஆலைகள் ஜிப்சம் கரைந்த தங்கள் கிணற்றுநீரின் துணையோடு அவ்வணிகத்தில் புகுந்ததும் உண்மை. புதிதாகக் கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்றில்லை என்று பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் காட்டியிருக்கிறார், போர்ட்டர் எனும் கறுநிறப் பீரும் அதே கப்பல்களில் கெடாமலே வந்து சேர்ந்தது. ஏலன்பர் இந்த மறுப்பையும் அறிவார்; ஆகவே முதலில் கதையை முழுமையாகச் சொல்லி, கேட்பவர் நம்பிய பிறகு அதை முழுமையாக மறுத்து, ஒரு பைண்டுக்கு உரிய நேரத்தை இரண்டு பைண்டுக்கு நீட்டிக்கொள்கிறார்.

இங்கிலாந்து செல்லும் தமிழ் வாசகர், மது அருந்தாதவராயினும், இவரைச் சந்திக்காமல் திரும்ப வேண்டியதில்லை. பப்பில் எலுமிச்சை பானத்தோடு உட்காருவதற்கு எவரும் தடை சொல்வதில்லை. கைப்பம்பின் அருகே குறிப்பேட்டோடு நிற்பவரை அணுகி, மூடிப்போன ஆலை ஏதேனும் ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை அதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.