இறக்கிய காரும் உள்தேய்மானமும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

எல்லை சொல்லித் தொடங்குவது மரபு. வடக்கே பல்லாவரம், தெற்கே பெருங்களத்தூர், கிழக்கே மேடவாக்கம், மேற்கே முடிச்சூர். இதற்குள் ஸ்பிரிங்கை வெட்டியோ குட்டை ஸ்பிரிங் மாட்டியோ தரையோடு இறக்கப்பட்ட கார்களே இவ்வாய்வின் பொருள்.

மாதிரிக்கு ஒரு ஸ்விஃப்ட். கம்பெனி தந்த தரை இடைவெளி 163 மி.மீ.; 40 இறக்கினால் 123. 2015இல் அடையாற்று வெள்ளம் முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்ததைக் கண்ட பிறகும் ஒருவர் இதைச் செய்கிறார் என்றால், அதை இறைநம்பிக்கையின்கீழ் வகைப்படுத்துவதே முறை.

இறக்கியபின் டயர் உள்பக்கமாகத் தேய்கிறது. ஏன் என்பதில் இரு மரபுகள் உண்டு. கேம்பர்வாதிகள், லோயர் ஆர்மின் சாய்வு மாறிச் சக்கரத்தின் தலை உள்ளே சாய்வதே காரணம் என்பர். கண்ணுக்குத் தெரிவதால் இம்மரபுக்கு ஆதரவு அதிகம். டோவாதிகள் சிறுபான்மையினர். டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வட்டத்தில் அசைவதில்லை. கார் இறங்கினால் சக்கரங்கள் நேரே பார்ப்பதை விட்டுவிடும் என்பது இவர்கள் கட்சி. கணக்கு இவர்கள் பக்கமே. ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பி நின்றால் கிலோமீட்டருக்கு 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். தாம்பரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. ஓடிச் செங்கல்பட்டைத் தொடுவதற்குள் 260 மீட்டர். கார் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறது, டயருக்கோ பக்கத்துத் தெருவில் ஏதோ வேலை. போக விடாததால் அந்தத் தூரத்தை ரப்பராகக் கட்டுகிறது.

உரிமையாளர்கள் இரு மரபையும் ஏற்பதில்லை; அடிவயிறு உரசுவதே காரணம் என்று ஸ்பீடு பிரேக்கரைக் கைகாட்டுகிறார்கள். சோதித்தோம். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. ஸ்விஃப்டின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர். இரண்டும் மேட்டின்மேல் நிற்கையில், வயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது 44 மி.மீ. மட்டுமே. 79 மி.மீ. மிச்சம். ஆகவே மெதுவாக ஏற்றினால் உரசாது என்று நிறுவப்படுகிறது. உட்தெருக்களில் உரசுகிறது. இதிலிருந்து பெறப்படும் முடிவு காரைப் பற்றியது அல்ல.

அலைன்மென்ட் கடையிலும் களப்பணி நடந்தது. திரையில் சிவப்பாக நிற்கும் எண்களில் பாதியைத் திருத்தக் காரில் போல்ட்டே கிடையாது. பின் அச்சு ஒரே பீம். அதைத் தொட முடியாது. “டோ வெச்சுட்டேன் சார், கேம்பருக்கு இதுல அட்ஜஸ்ட்மென்ட் இல்ல” என்பதே கள வாய்மொழி. டோவைச் சரிசெய்தாலே தேய்மானத்தின் பெரும்பங்கு அடங்கிவிடும் என்பதால், அடக்கமான இந்த வாக்கியத்தை ஆய்வாளர் முழுமையாக வழிமொழிகிறார்.

டயர்ப் பள்ளம் 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். நடுவில் அளந்தால் இந்த டயர் தேறிவிடும். உள்விளிம்பிலோ கம்பி எட்டிப் பார்க்கும்.

பரிகாரம் உண்டு. திசை அம்போ உள்-வெளிக் குறியோ இல்லாத டயரை டிஸ்க்கிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டால், பட்டன் மிச்சமுள்ள பக்கம் உள்ளே போய்விடும். ஆனால் மொட்டைப் பக்கம் வெளியே வந்து தெருவுக்கே தெரியும். கார் பார்வையாக இருக்க வேண்டும் என்று இறக்கியவர்கள் இதற்கு எளிதில் சம்மதிப்பதில்லை.